பிறர் பிள்ளை நம் வீட்டு அமானிதம்

வீட்டிலிருந்தே பிள்ளை பராமரிப்பு: நம் பெண்களுக்கு ஏற்ற ஒரு கண்ணியமான தொழில்

"பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?"

வேலைக்குப் போகும் தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள். சம்பளம், பஸ் வசதி, வேலைப் பளு எல்லாவற்றையும் விட அவர்களை வாட்டும் கேள்வி இதுதான். இன்னொரு பக்கத்தில், வீட்டை விட்டு வெளியே போக முடியாத, ஆனால் சொந்தமாக நாலு காசு சம்பாதித்தே ஆக வேண்டிய பெண்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். கணவரை இழந்தவர்கள், நோயாளியான பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்கள், சின்னஞ்சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் என்று பட்டியல் நீளும். இந்த இரண்டு சாராருக்கும் ஒரே வாசலில் விடை இருக்கிறது. அதுதான் வீட்டிலேயே நடத்தும் பிள்ளை பராமரிப்பு.

ஆனால் சகோதரிகளே, இது "சும்மா வீட்டில்தானே இருக்கிறோம், இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டால் போச்சு" என்று தொடங்கக்கூடிய தொழில் அல்ல. பிறர் பிள்ளையின் உயிருக்கு நாம் பொறுப்பேற்கிறோம். அதற்கான அறிவும், ஆயத்தமும், கணக்கும் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நீர்வேலியை எடுத்துக்கொள்வோம்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியில் இருபாலையையும் கோப்பாயையும் தாண்டிப் போனால் வருவது நீர்வேலி. வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்போன ஊர். கதலி, இதரை, கப்பல், மொந்தன் என்று குலை குலையாகச் சந்தைக்குப் போகும். செம்மண் தோட்டத்தில் ஆண்களோடு பெண்களும் சேர்ந்து பாடுபடுகிறார்கள். ஆசிரியைகளும், தாதியரும், கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்யும் பெண்களும் காலையிலேயே நகருக்குப் புறப்பட்டுப் போகிறார்கள். அவர்களுடைய கைக்குழந்தைகள் எங்கே?

முன்பெல்லாம் இந்தக் கேள்வியே எழவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ் வீடுகளில் அம்மம்மாவோ அப்பம்மாவோ இருப்பார். சோனகத் தெருவின் முஸ்லிம் வீடுகளில் உம்மும்மா இருப்பார். அடுத்த வளவில் பெரியம்மாவும் மாமியும் இருப்பார்கள். பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது, எந்த வீட்டில் தூங்கியது என்று யாரும் கணக்கு வைத்ததில்லை.

அந்தக் கூட்டை இரண்டு முறை உடைத்தது யுத்தம். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள், விடுதலைப் புலிகளின் உத்தரவால் சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதும் இப்படி வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாக ஒதுங்கினார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்ரோபர் 30 அன்று, இராணுவம் நீர்வேலிப் பக்கமாக முன்னேறி வந்தபோது வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தார்கள். இரு சமூகத்துப் பெண்களும் இடுப்பில் பிள்ளையோடு தெருவில் நின்ற நாள், நாட்காட்டியில் ஒரே நாளாக அமைந்துவிட்டது.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு பலர் திரும்பி வந்தார்கள். ஆனால் குடும்பம் முழுதாகத் திரும்பவில்லை. உம்மும்மா புத்தளத்தில், மகளும் மருமகனும் யாழ்ப்பாணத்தில். அம்மம்மா கனடாவில், பேரப்பிள்ளை நீர்வேலியில். கணவர் இல்லாமல் தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களோ எத்தனையோ பேர். ஆகவே அன்று உறவு இலவசமாகச் செய்த வேலையை இன்று யாரோ ஒருவர் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

கூலி வாங்குவது குறைவா?

"பிள்ளை பார்ப்பதற்குப் போய்க் காசு வாங்குவதா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு நம் வரலாற்றிலேயே பதில் உண்டு. பனூ ஸஃது கோத்திரத்துப் பெண்கள், கைக்குழந்தைகளைக் கூலிக்குப் பாலூட்டி வளர்ப்பதற்காக மக்காவுக்கு வந்தார்கள். தந்தையில்லாத பிள்ளைக்கு யார் கூலி தரப்போகிறார்கள் என்று மற்றப் பெண்கள் தயங்கிய வேளையில், அந்த அநாதைக் குழந்தையை ஏற்றுக்கொண்டவர் ஹலீமா ஸஃதிய்யா (ரலி) அவர்கள். அந்தக் குழந்தைதான் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயமும், பிள்ளைக்குப் பாலூட்ட வேறொரு பெண்ணை அமர்த்தினால் அவளுக்கு உரியதை முறைப்படி கொடுத்துவிடும்படி வலியுறுத்துகிறது. பராமரிப்பு என்பது உழைப்பு. உழைப்புக்குக் கூலி உண்டு. அந்தக் கூலி, சம்பாதித்த பெண்ணுக்கே சொந்தம்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த, கைக்குழந்தையுடைய பெண் தன் பாலையே கொடுத்துவிடுவதுண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இப்படிப் பாலூட்டுவதால் பால்குடி உறவு ஏற்பட்டு, பிற்காலத்தில் திருமண விலக்கு வந்துவிடும். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஐந்து தடவை என்பது அளவு. பெற்றோரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. சம்மதத்தோடு செய்தாலும் எழுதி வையுங்கள்.

மற்ற இடங்களில் எப்படி?

வீட்டிலோ, வீட்டைப் போன்ற சிறிய இடத்திலோ பிள்ளை பார்ப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. நம் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் "பிள்ளைக் காம்பரா" என்பது பல தலைமுறையாக இருந்து வருகிறது. கொழுந்து பறிக்கப் போகும் தாய், பிள்ளையை அங்கே ஒரு மூத்த பெண்ணிடம் விட்டுவிட்டுப் போவாள். கிடைக்கும் இடைவேளையில் ஓடி வந்து பால் கொடுப்பாள். ஒரு காலத்தில் ஏணைகள் தொங்கும் இருண்ட அறையாக இருந்த அது, இப்போது பல தோட்டங்களில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்களைக் கொண்ட சிறுவர் அபிவிருத்தி நிலையமாக மாறியிருக்கிறது. பிள்ளையைப் "பார்த்துக்கொள்வது" வேறு, "வளர்ப்பது" வேறு என்பதை உணர்ந்ததால் வந்த மாற்றம் இது.

குஜராத்தின் அகமதாபாத் நகரில் 1972இல் இளா பட் அம்மையார் தொடங்கிய "சேவா" என்ற பெண் தொழிலாளர் சங்கத்தில் பீடி சுற்றும் பெண்களும், துணி தைக்கும் பெண்களும், தெரு வியாபாரம் செய்யும் பெண்களும் சேர்ந்தார்கள். முஸ்லிம் பெண்களும் அதில் பெருவாரியாக உண்டு. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றினால் வேலையும் ஓடாது, புகையிலைத் தூசு பிள்ளைக்கும் ஆகாது. ஆகவே அந்தப் பெண்களே கூட்டுறவு முறையில் பராமரிப்பு நிலையங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். "சங்கினி" என்பது அந்தக் கூட்டுறவின் பெயர். நடத்துபவர்களும் அவர்களே, பங்குதாரர்களும் அவர்களே.

தென்னமெரிக்க நாடான கொலம்பியாவில் 1980களின் பிற்பகுதியில் அரசாங்கமே ஏழைப் பகுதிப் பெண்களின் வீடுகளைப் பராமரிப்பு இல்லங்களாக்கியது. அந்தப் பெண்களைச் "சமூகத் தாய்மார்" என்று கௌரவித்தார்கள். ஆனால் பட்டம் கிடைத்ததே தவிர, முறையான சம்பளம் கிடைக்கவில்லை. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2014இல்தான் ஆகக்குறைந்த சம்பளத்துடன் வேலை ஒப்பந்தம் கிடைத்தது. "தாய்" என்று புகழ்ந்துவிட்டுக் கூலியை மறந்துவிடும் பழக்கம் நம் ஊரில் மட்டும் இல்லை!

இங்கிலாந்தில் இது பதிவு பெற்ற தொழில். வீட்டில் பிள்ளை பார்ப்பவர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகளை வைத்திருக்கலாம். அவர்களில் சின்னப் பிள்ளைகள் பொதுவாக மூவர். ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தை பொதுவாக ஒன்றுதான். தன் சொந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும். இந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தொழிலுக்கும் இதுவே நல்ல அளவுகோல்.

எத்தனை பிள்ளைகள்?

தீப்பிடித்தாலோ பாம்பு வந்தாலோ, ஒரு பெண் எத்தனை பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட முடியும்? நடக்கத் தெரியாத பிள்ளை ஒன்று இடுப்பில். நடக்கும் பிள்ளைகள் இரண்டு, மூன்று கையைப் பிடித்தபடி. அவ்வளவுதான் முடியும். ஆகவே தனியாக நடத்தும் பெண், தன் சொந்தப் பிள்ளையையும் சேர்த்து நான்கு பேருக்கு மேல் எடுக்க வேண்டாம். கைக்குழந்தை ஒன்று போதும். "ஐயோ, பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாளே" என்று ஐந்தாவது, ஆறாவது பிள்ளையை ஏற்றுக்கொள்வது இரக்கம் அல்ல. இருக்கிற நால்வருக்கும் செய்யும் அநியாயம்.

முதலில் கிணற்றடி

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வாழ்வு முழுவதும் கிணற்றை நம்பியே. நீர்வேலிக்குப் பக்கத்தில் உள்ள நிலாவரைக் கிணற்றின் ஆழத்தைப் பற்றி எத்தனை கதைகள்! ஆனால் பிள்ளைக்கு ஆபத்தாக இருக்க ஆழமே தேவையில்லை. கவிழ்க்காமல் விட்ட வாளித் தண்ணீரிலேயே தவழும் பிள்ளை தலைகீழாக விழுந்து மூச்சடைத்துவிடும். தொழில் தொடங்கும் முன்னர் செய்ய வேண்டிய முதற்செலவு, கிணற்றுக்கு இடுப்பளவுக்கும் உயர்ந்த கட்டும், இறுக்கமான வலை மூடியும், கிணற்றடிக்குப் போகும் வழியில் கொழுக்கி போட்ட படலையும்தான். வாளி, தொட்டி, பேசின் எல்லாம் வேலை முடிந்ததும் கவிழ்த்து வைக்கப்பட வேண்டும்.

அடுத்தது, அந்தக் கிணற்றின் தண்ணீர். வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில், தோட்டத்துக்கு இடும் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் நிலத்தடி நீரில் இலகுவாகக் கலந்துவிடுகின்றன. இதனால் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. "கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறோம்" என்று நினைக்காதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே கைக்குழந்தையை ஏற்கும் முன்னர் கிணற்று நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். எங்கே, எப்படி என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ கேட்கலாம். அளவு கூடியிருந்தால் குழந்தைக்கு வேறு நீர்தான் வழி.

வளவைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். மஞ்சள் அலரி மரம் நிற்கிறதா? அதன் விதை இருதயத்தைத் தாக்கும் நஞ்சு. வெட்டிவிடுங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். சோடாப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பிள்ளை தவறுதலாகக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். உடனே வைத்தியசாலைக்கு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வாய்க்குள் போகிற பொருட்களும் அப்படியே. பேரீச்சங்கொட்டை, புளியங்கொட்டை, கச்சான், ரம்புட்டான், பொத்தான் போன்ற சின்ன பற்றரி எல்லாமே மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை. பற்றரி உள்ளே போனால் தொண்டையையே அரித்துவிடும். அடைத்துக்கொண்ட பிள்ளை ஒரு வயதுக்குட்பட்டதானால், முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. போகாவிட்டால் நிமிர்த்தி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் ஐந்து அழுத்து. இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. முதலுதவிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்க் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டும்.

தாய்ப்பாலும் தூக்கமும்

நம் நாட்டுச் சட்டப்படி பிரசவ விடுமுறை 84 வேலை நாட்கள். முன்பு மூன்றாவது பிள்ளை முதல் அது பாதியாகக் குறைந்துவிடும். 2018இல் செய்த திருத்தத்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவாயிற்று. வார விடுமுறைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ நான்கு மாதம். ஆனால் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வதோ ஆறு மாதம். இடையில் உள்ள இரண்டு மாதத்தை யார் நிரப்புவது? அங்கேதான் உங்கள் தொழில் ஒரு குழந்தையின் வாழ்நாள் ஆரோக்கியத்தையே தீர்மானிக்கிறது.

தாய் காலையில் எடுத்துத் தரும் பாலைச் சுத்தமான மூடிப் பாத்திரத்தில், திகதியும் நேரமும் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அங்கே நான்கு நாள் வரை இருக்கும். வெளியில் நான்கு மணி நேரம் என்பார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் அதைவிடக் குறைவாகவே கணக்கிடுங்கள். அடுப்பில் சூடாக்காமல், சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கி, சின்னக் கோப்பையால் புகட்டுங்கள். மிஞ்சியதைத் திருப்பி வைக்காதீர்கள். தாயின் வேலையிடம் பக்கத்தில் என்றால், மதியம் வந்து பால் கொடுக்க ஒரு மறைவான மூலையும் ஒரு கதிரையும் போட்டு வையுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்குப் பாலூட்டும் இடைவேளை தர வேண்டும் என்று நம் பிரசவ நலச் சட்டமே சொல்கிறது. பல தாய்மாருக்கு இது தெரியாது. நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, நன்றாகப் பழுத்த வாழைப்பழம். நீர்வேலியில் பழத்துக்குப் பஞ்சமா? ஆனால் ஒரு வயது ஆகும் வரை தேன் வேண்டாம் என்பது மருத்துவர்களின் அறிவுரை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியைத் தாங்கும் சக்தி கைக்குழந்தையின் குடலுக்கு இல்லை.

தூங்க வைக்கும்போது மல்லாக்கக் கிடத்துங்கள். தலையணையும் பொதியான போர்வையும் வேண்டாம். ஏணையில் போட்டால் முகம் துணிக்குள் மூடிவிடாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். பெரிய பிள்ளைகள் ஏணையை ஊஞ்சலாக்கிக் கயிற்றில் சிக்கிக்கொள்ளாமலும் கவனியுங்கள்.

வீட்டிலுள்ள ஆண்கள்

இது சொல்லக் கூச்சமான விஷயம். ஆனால் சொல்லாமல் விட முடியாது. சிறுவர்களுக்கு நடக்கும் கொடுமைகளில் பெரும்பாலானவை, அந்நியரால் அல்ல, தெரிந்தவர்களால்தான் நடக்கின்றன. ஆகவே கட்டுப்பாடு எல்லோருக்கும் ஒன்றே. கணவரானாலும், வளர்ந்த மகனானாலும், விருந்துக்கு வந்த உறவினரானாலும், பிறர் பிள்ளையோடு அறையில் தனித்திருக்கக் கூடாது. பிள்ளையைக் கழுவுவதும் உடை மாற்றுவதும் உங்கள் கையால் மட்டுமே. இதில் யாரும் கோபித்துக்கொள்ள எதுவும் இல்லை. இந்த ஒழுங்கு பிள்ளையைக் காக்கிறது; வீண்பழியிலிருந்து வீட்டாரையும் காக்கிறது.

அடிப்பதும் பயமுறுத்துவதும் அறவே கூடாது. பிள்ளையின் உடலில் காயமோ தழும்போ கண்டால், அன்றே திகதியோடு எழுதி வைத்துப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பெற்றோர் மீதே சந்தேகம் என்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு, ஒரு பிள்ளைக்கு மாதம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிள்ளைகளுக்கு 32,000. சாப்பாட்டுக்கும் எரிவாயுவுக்கும் 10,000. சவர்க்காரம், துப்புரவுக்கு 2,000. மின்சாரம், தண்ணீருக்கு 1,500. பாய், விளையாட்டுச் சாமான், திருத்த வேலைக்கு 1,500. எதிர்பாராத நாளுக்கு என்று 2,000 ஒதுக்குங்கள். மிச்சம் 15,000.

நல்ல காசு என்று தோன்றுகிறதா? பொறுங்கள். நாளுக்கு பத்து மணி நேரம், மாதத்துக்கு 22 நாள் என்றால் 220 மணி நேர உழைப்பு. அப்படியானால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை 68 ரூபாய்! அதே வேளை, சாப்பாட்டைப் பெற்றோரே கட்டி அனுப்பினால் 10,000 என்பது 2,000 ஆகக் குறையும். கையில் 23,000 நிற்கும். மணிக்கு ஏறத்தாழ 105 ரூபாய். உங்கள் ஊர் விலைவாசியைப் போட்டு இதே கணக்கைச் செய்து பார்த்த பிறகு கட்டணத்தை முடிவு செய்யுங்கள். "பாவம், ஏழை" என்று ஒரு பிள்ளைக்குக் குறைத்து எடுப்பது நல்ல காரியம். ஆனால் அதையும் தெரிந்தே செய்யுங்கள். கணக்குத் தெரியாமல் நட்டப்பட வேண்டாம்.

பேச்சு எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எத்தனை மணிக்குக் கொண்டுவர வேண்டும், எத்தனை மணிக்குள் கூட்டிப்போக வேண்டும், பிந்தினால் என்ன, பிள்ளை வராத நாளுக்குக் கட்டணம் உண்டா, யார் யாரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம் என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பம் இடுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பணத்துக்கே எழுத்து வேண்டுமென்றால் பிள்ளைக்கு வேண்டாமா?

ஒரு கொப்பியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, சாப்பிட்டது, தூங்கியது, மலம் போனது, காய்ச்சல், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் குறியுங்கள். பெற்றோர் எழுதித் தராத மருந்தைக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல், வயிற்றோட்டம், அம்மாள் நோய் உள்ள பிள்ளையை அன்று ஏற்க முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் முக்கூட்டோடு சேர்ந்த ஐங்கூட்டு ஊசி, ஒன்பதாம் மாதத்தில் சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். ஊசி, ஒரு வயதில் யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி என்று எல்லாம் ஒழுங்காகப் போடப்பட்டிருக்கிறதா? விடுபட்டிருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் அனுப்புங்கள்.

பதிவும் பயிற்சியும் கேட்டால் கிடைக்கும். முதலில் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். பிறகு பிரதேச செயலகத்துக்குப் போனால், முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி, சிறுவர் உரிமை, மகளிர் அபிவிருத்தி ஆகியவற்றுக்கான உத்தியோகத்தர்கள் அங்கே இருப்பார்கள். நீர்வேலியாருக்கு அது கோப்பாயில் உள்ள வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகம். என்ன பதிவு தேவை, எங்கே பயிற்சி, வியாபாரப் பெயர் பதிவது எப்படி என்று மூன்றையும் ஒரே நாளில் கேட்டு வந்துவிடலாம்.

இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில்

நீர்வேலி போன்ற ஊரில் உங்களிடம் வரும் பிள்ளை இந்துப் பிள்ளையாக இருக்கலாம். நம் பிள்ளையைப் பார்ப்பவர் ஓர் இந்துச் சகோதரியாக இருக்கலாம். இதில் தயக்கம் வேண்டியதில்லை. தெளிவு மட்டும் வேண்டும். வெள்ளிக்கிழமையும் கோயில் திருவிழா நாட்களிலும் அவர்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடுதான். அன்று உங்கள் குசினியிலும் அந்தப் பிள்ளைக்கு அதுவே சமைக்கப்படட்டும். நம் பிள்ளையை அங்கே விடும்போது ஹலால் பற்றி முதல் நாளே சொல்லுங்கள், அல்லது சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். மதத்தை ஊட்டுவது பெற்றோரின் உரிமை. பராமரிப்பவரின் வேலை அல்ல. நோன்பு காலத்தில் உங்கள் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டியே யோசித்து, நேரத்தைக் குறைப்பதானால் ஒரு மாதம் முன்பே பெற்றோரிடம் அறிவித்துவிடுங்கள்.

ஒரு தாய் தன் பிள்ளையை எந்த வீட்டில் விட்டுப் போகிறாளோ, அந்த வீட்டை அவள் நம்புகிறாள் என்று அர்த்தம். 1990இலும் 1995இலும் பெயர்ந்து போனவற்றுள் வீடும் வளவும் மட்டும் இல்லை, நம்பிக்கையும் உண்டு. வீட்டை அரசாங்கமோ நிறுவனங்களோ திருத்திக் கட்டித் தரலாம். நம்பிக்கையைப் பெண்கள்தான் கட்ட முடியும். பிள்ளை உங்களை அன்ரி என்று கூப்பிட்டாலும் சரி, சாச்சி என்று கூப்பிட்டாலும் சரி, மாலையில் தாய் வந்து அள்ளித் தூக்கும்போது அது சிரித்த முகத்தோடு போனால், அந்த நம்பிக்கைக்கு ஒரு கல் வைத்தாயிற்று.

ஆர்வமுள்ள சகோதரிகள் இந்த வாரமே ஒரு தாளை எடுத்து மூன்று விஷயங்களை எழுதுங்கள். வளவில் சரி செய்ய வேண்டியவை என்னென்ன? எத்தனை பிள்ளைகளை என்னால் உண்மையாகப் பார்க்க முடியும்? என் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை? இந்த மூன்றுக்கும் நேர்மையாக விடை எழுதிவிட்டால் பாதித் தொழிலைத் தொடங்கிவிட்டீர்கள். மீதியைக் கிணற்று மூடியிலிருந்து ஆரம்பியுங்கள். அல்லாஹ் உங்கள் முயற்சியில் பரக்கத் செய்வானாக!